ஈர அறையும் ஒயில் ஹீற்றரும்: திருகோணமலை மாரியில் பட்டறிந்தவை

திருகோணமலையில் இருந்துகொண்டு வீட்டில் ஹீற்றர் பாவிக்கிறேன் என்று சொன்னால் சிரிக்காத ஆள் இல்லை. சிரிப்பதில் பிழையும் இல்லை, வைகாசி ஆனியில் கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கத் தொடங்கினால் இரவு பத்து மணிக்கும் சுவரில் சாய முடியாத ஊர் இது. ஆனால் நான் சொல்ல வருவது ஐப்பசிப் பிற்பகுதியில் தொடங்கித் தை நடுப்பகுதி வரை இழுக்கும் மாரியைப் பற்றி. ஆண்டு முழுவதும் எங்களுக்குக் கிடைக்கும் மழையில் பெரும் பங்கு அந்தக் காலத்துக்குள்தான் கொட்டித் தீர்க்கும், வெயில் எட்டிப் பார்த்தால் அதுவே ஒரு விசேஷம், கொடியில் போட்ட சாரம் நாள் கணக்கில் தொங்கும், அலுமாரியைத் திறந்தால் ஒரு மணம் வரும். அந்த மணத்துக்குத்தான் ஹீற்றர். குளிருக்கு இல்லை.

வீடு உவர்மலையில். காற்று தாராளமாக வரும் மேடுதான், ஆனால் எங்கள் பின்னறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பத்துக்குப் பத்து அடி, ஒரே ஒரு யன்னல், அதுவும் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தபடி. ஒரு சுவருக்கு அங்கால் குளியலறை. பெயருக்குச் சாமான் அறை என்றாலும் வீட்டின் முக்கியமான எல்லாமே அங்கேதான் கிடக்கிறது: காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ்கள், மனைவியின் கூறைச் சேலை, அல்பங்கள், நான் சேர்த்து வைத்த புத்தகங்கள். மாரி தொடங்கினால் புத்தக அட்டைகளில் வெள்ளைப் பொடி பூக்கும், அல்பத்துப் படங்கள் பிளாஸ்ரிக் தாளோடு ஒட்டிக்கொள்ளும், தோல் பெல்ற் பச்சை பிடிக்கும். பூச்சி உருண்டையும் வேப்பிலையும் பூச்சிக்குச் சரி, பூஞ்சணத்தை அவை ஒன்றும் செய்யாது.

ஹீற்றர் நான் தேடி வாங்கியது இல்லை. லண்டனில் இருக்கும் தங்கச்சி வீடு மாறியபோது கப்பலில் போட்ட பெட்டிகளோடு வந்து இறங்கியது. ஹரோ பக்கம் ஒரு சின்ன அறையில் வாடகைக்கு இருந்த காலத்தில் அவள் வாங்கியதாம். “அண்ணா, நல்ல சாமான், எறிய மனம் வரேல்ல, அங்க மாரிக்கு உதவும்” என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். பெட்டியைப் பிரித்த அன்று அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு “இது என்னடா தம்பி, ஏசியா?” என்று கேட்டா. இல்லையம்மா, அதற்கு நேர் எதிர் என்றேன். “விசரே உங்களுக்கு?” என்று போய்விட்டா.

பார்க்காதவர்களுக்காக: இடுப்புக்குக் கொஞ்சம் கீழான உயரம், அடியில் நான்கு சில்லு, விலா எலும்பு வரிசை மாதிரி இரும்புத் தகடுகள். தகடுகளுக்குள் ஒயில் அடைத்து மூடியிருக்கிறார்கள். அடிப்பக்கத்தில் மின்சாரச் சூடாக்கி இருக்கிறது, அது ஒயிலைச் சூடாக்க, சூடான ஒயில் மேலே ஏற, ஆறியது கீழே இறங்க, தகடு முழுவதும் சூடாகி அறைக் காற்றைச் சூடாக்கும். ஒயில் எரிவதில்லை, தீர்ந்து போவதும் இல்லை, ஊற்றவும் வேண்டியதில்லை. (மண்ணெண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்று என்னிடம் கேட்டவர்கள் பலர்.) சூடேறக் கால் மணி, இருபது நிமிடம் எடுக்கும், நிற்பாட்டினாலும் அரை மணிக்கு மேல் சூடு நிற்கும். செந்தணலாகச் சிவக்கும் கம்பி இல்லை, விசிறி இல்லை, சத்தம் என்றால் இரும்பு சூட்டில் விரியும்போது வரும் ‘டிக் டிக்’ மட்டும்.

கப்பலில் வந்த சாமான் என்பதால் ஒன்று. பெட்டிக்குள் அது எப்படிக் கிடந்தது, படுத்தபடியா தலைகீழாகவா என்பது யாருக்கும் தெரியாது. எடுத்தவுடன் பிளக்கைக் குத்தக் கூடாது. நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட வேண்டும், உள்ளே ஒயில் கீழே இறங்கிச் சூடாக்கியை மூட வேண்டும். முதல் தரம் போடும்போது பெயின்ற் காய்கிற மாதிரி ஒரு மணம் வரும், யன்னலைத் திறந்து விட்டால் போய்விடும்.

இனி முக்கியமான விசயம். பலரும் நினைப்பது, அறையைப் பூட்டி, யன்னலை அடைத்து, ஹீற்றரை முழுச் சூட்டில் விட்டால் ஈரம் ‘எரிந்து போகும்’ என்று. ஈரம் எங்கும் போகாது. ஹீற்றர் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட அறையிலிருந்து எடுப்பதில்லை. அது செய்வது ஒன்றே ஒன்று: காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்றுக்குக் கூடுதலான நீராவியைத் தாங்க முடியும், அதனால் அதே அளவு நீராவி இருந்தாலும் காற்று ‘வறண்டதாக’ நடந்துகொள்ளும், உடுப்பிலும் புத்தகத்திலும் இருக்கும் ஈரத்தை இழுக்கும். கணக்குச் சொன்னால் விளங்கும். 25 பாகையில் 90 வீத ஈரப்பதம் உள்ள காற்றை, தண்ணீர் சேர்க்காமல் எடுக்காமல் 30 பாகைக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 68 வீதத்துக்குக் கிட்ட இறங்கிவிடும். வெறும் ஐந்து பாகை. பொதுவாக 70 வீதத்துக்குக் கீழே பூஞ்சணம் தலையெடுக்கக் கஷ்டப்படும், 60க்குக் கீழே என்றால் நிம்மதி.

ஆனால் இழுத்த ஈரத்தை வெளியே அனுப்பாவிட்டால்? எங்கள் அறையின் காற்று மொத்தம் ஆயிரம் கன அடி, அதாவது 28 கன மீற்றர். மாரி நாளில் அவ்வளவு காற்றிலும் இருக்கும் தண்ணீரை ஒன்றாகத் திரட்டினால் அரை லீற்றரும் சொச்சமும்தான் வரும். கையால் பிழிந்த ஒரு பெரிய குளிக்கும் துவாயில் அதைவிடக் கூட இருக்கும்! பூட்டிய அறைக்குள் ஒரு துவாயைக் காயப் போட்டால், அந்தத் துவாய் அரைவாசி காயும் முன்னரே காற்று நிறைந்துவிடும், மிச்சம் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப் போவது இப்படித்தான். லண்டனில் தங்கச்சி இருந்த அறையிலும் இதே கதைதானாம், வெளிச்சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரியின் முதுகில் கறுப்புப் புள்ளி, அவள் உடுப்பை அறைக்குள்ளேயே காயப்போட்டுக்கொண்டு யன்னலைத் திறக்காமல் இருந்தாள். அங்கே திறந்தால் குளிர், கரண்ட் காசு. இங்கே எங்களுக்கு அந்தப் பயம் இல்லையே.

ஆகவே நான் செய்வது இதுதான். காலையில் அறையின் அலுமாரிக் கதவுகளை ஆவென்று திறந்து வைப்பேன், சுவரோடு ஒட்டியிருக்கும் சாமான்களை ஒரு கையளவு முன்னுக்கு இழுத்துவிடுவேன். ஹீற்றரைச் சின்னச் சூட்டில் போட்டுக் கதவைச் சாத்துவேன். எங்களுடையதில் இரண்டு பொத்தான், 600 வாற், 900 வாற், இரண்டையும் அமத்தினால் 1500. பத்துக்குப் பத்து அறைக்குப் பெரும்பாலும் 600 போதும், நாங்கள் கேட்பது ஐந்து பாகை உயர்வு மட்டும். ஒன்றரை மணி போல ஓடியதும் யன்னலின் மேல் பலகையையும் கதவையும் ஒரு பத்து நிமிடம் திறந்து காற்றை மாற்றுவேன், பிறகு திரும்பச் சாத்துவேன். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்போது திறந்தால் ஈரக் காற்றுத்தானே உள்ளே வரும் என்று மகன் கேட்டான். வரும், ஆனால் வருவது 25 பாகைக் காற்று, அது உள்ளே வந்து சூடானதும் திரும்ப 68க்கு இறங்கும். போவது உடுப்பிலும் புத்தகத்திலும் இருந்து நீரை ஏற்றிக்கொண்ட காற்று. அந்த வித்தியாசத்தில்தான் அறை காய்கிறது.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள், விலை பெரிதில்லை. அது இல்லாமல் செய்வது குருட்டு வேலை, ஏனென்றால் சூடான அறைக்குள் போனால் ‘காய்ந்துவிட்டது’ என்றுதான் தோலுக்குத் தோன்றும். எங்கள் அறையில் காலையில் 90ஐ ஒட்டி நிற்கும் முள், மத்தியானம் 65க்கும் 70க்கும் இடையில் வந்து நிற்கும். அதற்கு மேல் இறக்க ஆசைப்பட்டால் கரண்ட் பில்தான் ஏறும்.

தெர்மோஸ்டாற், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் குமிழ் பற்றித் தங்கச்சி சொல்லித் தந்தது நல்ல முறை: முதலில் அதை முழுதாகத் திருப்பி விடு, அறை உனக்குப் போதும் என்ற சூட்டுக்கு வந்ததும் மெதுவாகப் பின்னால் திருப்பிக்கொண்டு வா, ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அங்கே விட்டுவிடு. பிறகு அது தானாக நின்று நின்று எரியும். குமிழில் இருக்கும் இலக்கங்களை நம்ப வேண்டாம், அவை பாகை இல்லை.

இதற்குள் ஹீற்றரால் முடியாதவற்றையும் சொல்ல வேண்டும். ஓடு ஒழுகினால், குளியலறைக் குழாய் சுவருக்குள் கசிந்தால், அதைத் திருத்தாமல் ஹீற்றர் போடுவது கடலை இறைக்கிற வேலை. உப்புச் சேர்ந்த மண்ணில் கட்டிய பழைய சுவர்கள் எங்கள் பக்கம் நிறைய, அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தைத் திரும்பத் திரும்ப இழுக்கும், பூச்சு உதிரும், எந்தச் சூட்டுக்கும் அது அடங்காது. ஏற்கெனவே பிடித்த பூஞ்சணமும் இந்தச் சூட்டில் சாகாது, வளர்வது நிற்கும், அவ்வளவுதான். அதைத் துடைத்தே எடுக்க வேண்டும், அதுவும் அறைக்குள் வைத்துத் தட்டாமல் விறாந்தைக்குக் கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு. சீலிங் இல்லாத அறை என்றால் சூடு நேரே ஓட்டுக்குப் போகும், நீங்கள் வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள்.

உடுப்புக் காய வைப்பது தனிக் கதை. சென்ற மாரியில் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள், பேரன் பிறந்தது கார்த்திகையில், சரியாக மழை கொட்டும் நேரம். துணி நப்பி எவ்வளவு வேண்டும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விறாந்தை முழுக்கக் கொடி, ஒன்றும் காயாது, காய்ந்ததும் ஈர மணத்தோடு. மனைவி ஒவ்வொன்றாக அயன் பண்ணிப் பண்ணிக் களைத்துப்போனாள். அப்போதுதான் பின்னறையை நப்பி அறையாக மாற்றினோம். குறுக்கே இரண்டு கொடி, நடுவில் கீழே ஹீற்றர், மூலையில் ஒரு நிற்கும் ஃபான், யன்னல் நாலு விரல் திறந்தபடி. ஹீற்றரை முழுச் சூட்டில் தனியே விடுவதைவிட, சின்னச் சூடும் ஃபானும் சேர்ந்தால் வேகமாகக் காய்கிறது, துணியைச் சுற்றி நிற்கும் ஈரக் காற்றை ஃபான் தள்ளிவிடுகிறது. அதைவிடப் பெரிய உதவி வொஷிங் மெஷினில் இரண்டாம் தரம் ஸ்பின் போடுவது. ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்கவே கிட்டத்தட்ட 0.7 யூனிற் கரண்ட் போகும், அது இயற்கை கேட்கும் ஆகக் குறைந்த கூலி, வீட்டில் நடப்பில் இன்னும் கூடத்தான் போகும். அதே லீற்றரைச் சுழற்றி எறிய மெஷினுக்கு அதில் ஒரு சிறு துண்டு போதும்.

கொடிக்கும் ஹீற்றருக்கும் இடையில் ஒரு மீற்றர். இதில் இரக்கமே காட்டக் கூடாது. தகட்டின் மேல் உடுப்பைப் போட்டால் நன்றாகக் காயும் என்று யாருக்கும் கை போகும், லண்டனிலும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்களாம், மேலேயே ‘மூடாதே’ என்று படம் போட்டிருந்தும். மூடினால் சூடு வெளியே போகாது, உள்ளே ஏறும், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் வேலை செய்தால் தப்பினீர்கள், செய்யாவிட்டால் துணி கருகும். கொடி அறுந்து விழுந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துத்தான் கொடி கட்ட வேண்டும், ஆகவே நேர் மேலே கொடி இல்லை.

மாமிக்கு, அதாவது மனைவியின் அம்மாவுக்கு, இந்த ஏற்பாட்டில் ஒரு குறை. “பச்சை உடம்புக்காரி, பச்சைப் பிள்ளை, அதுகள் கிடக்கிற அறையில வையுங்கோவன் அந்தச் சாமானை, உடுப்புக்கு ஏன் சூடு?” என்றா. அவவின் காலத்தில் பிள்ளைப்பேற்று அறையில் கரிச்சட்டி வைத்துச் சாம்பிராணி போடுவார்கள், துடக்குக் கழியும் வரை சூடும் புகையும்தான். நான் விடவில்லை. எங்கள் ஊரில் தை மாத இரவிலும் 24 பாகைக்குக் கிட்ட இருக்கும், சுற்றிக் கிடக்கும் பிள்ளைக்கு அது குளிர் இல்லை, மேலதிகச் சூடுதான் பச்சைப் பிள்ளைக்கு ஆபத்து. கரிச்சட்டிக்கும் மறுப்புச் சொன்னேன், அடைத்த அறைக்குள் கரி எரிந்தால் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, தூங்குகிறவர்கள் எழும்பாமலே போய்விடுவார்கள். யன்னலைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் சாம்பிராணி காட்டுவது வேறு, இரவு முழுக்கத் தணலை வைத்திருப்பது வேறு. ஹீற்றரில் அந்த வாயுத் தொல்லை இல்லை, இருந்தும் பிள்ளை கிடந்த அறைக்கு அது போகவே இல்லை. மாமி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, பிறகு நப்பி சுடச்சுடக் காய்ந்து வருவதைக் கண்டு ஒருமாதிரிச் சமாதானமானா.

அம்மா மட்டும் அந்த அறையைத் தன் பங்குக்குப் பாவித்தா. மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியக் கோயிலுக்குப் போய் நனைந்து வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும், நேரே பின்னறைக்குப் போய்க் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவா. விசர் என்று சொன்ன ஆள்தான். சூடு முழங்காலுக்கு உண்மையில் என்ன செய்கிறது என்று எனக்கு வாதாட விருப்பமில்லை, அவவுக்குச் சுகமாக இருந்தது.

இனி வயறிங். இதைத்தான் யாரும் கேட்பதில்லை, இதில்தான் வீடு எரியும். 1500 வாற் ஹீற்றர் 230 வோல்ற்றில் ஆறரை அம்பியர் இழுக்கும், 2000 வாற் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது. மணிக்கணக்காக, நிற்காமல். கேத்திலும் இதைப்போல இழுக்கும்தான், ஆனால் நான்கு நிமிடத்தில் நின்றுவிடும். பழைய வீடுகளில் இருக்கும் 5 அம்பியர் உருண்டை முள் பொயின்ற்றில் அடப்ரர் போட்டு ஹீற்றரைக் குத்தவே கூடாது. மல்ரி பிளக், ரீலில் சுற்றிய வயர் எல்லாம் வேண்டாம், சுற்றியபடியே பாவித்தால் வயர் தன் சூட்டிலேயே உருகும். சுவரில் நேரே இருக்கும் 13 அம்பியர் பொயின்ற், அதில் வேறு எதுவும் குத்தாமல். லண்டன் பிளக்கும் எங்கள் 13 அம்பியர் பிளக்கும் ஒரே சதுர முள் என்பதால் அதில் வில்லங்கம் இல்லை, வோல்ற்றும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் அந்த அறைப் பொயின்ற் ஒரு நாள் சுடுவதைக் கையால் தொட்டுக் கண்டுபிடித்தது மனைவி. வயறிங் செய்யும் தம்பி வந்து கழற்றிக் காட்டினார், உள்ளே பித்தளை பச்சை பிடித்துப் போயிருந்தது. கடற்கரை ஊரில் உப்புக் காற்று செய்யும் வேலை. முள் பிடிக்கும் இடம் தளர்ந்தால், அல்லது உப்புப் படிந்தால், அந்த இடத்தில் தடை கூடும், சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். பொயின்ற்றை மாற்றினோம், அதற்குத் தனி வயரும் தனி எம்.சி.பி.யும் (கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டார். “அண்ணை, ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே எண்டு நினைக்கவேண்டாம், அது லீக் கரண்டுக்கு விழும், பிளக் சுடுறதுக்கு விழாது” என்று அவர் சொன்னதை அப்படியே இங்கே தருகிறேன், ஏனென்றால் நான் கேட்ட முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியவில்லை. ஹீற்றர் ஓடத் தொடங்கி ஒரு மணியில் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பது இப்போது எங்கள் வீட்டுப் பழக்கம். இளஞ்சூடு பரவாயில்லை, கை பொறுக்காத சூடு என்றால் நிற்பாட்டு.

மாரியில் கரண்ட் போய் வருவது வழமை. பொத்தானும் குமிழும் உள்ள பழைய மாதிரி ஹீற்றர், கரண்ட் போனால் நிற்கும், வந்தால் தானாகத் திரும்ப எரியத் தொடங்கும். நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நிலாவெளிக்குப் போயிருந்தாலும் எரியும். கரண்ட் போனால் முதல் வேலை அதன் பிளக்கைக் கழற்றுவது. ஆள் இல்லாத வீட்டில் ஓட விடுவதே இல்லை, இரவில் எல்லோரும் படுத்த பிறகும் இல்லை. எலக்ட்ரொனிக் திரை உள்ளவற்றில் சில கரண்ட் வந்தாலும் நிறுத்தத்திலேயே நிற்கும், உங்களுடையது எந்த ரகம் என்று ஒரு தரம் பிளக்கைக் கழற்றிக் குத்திப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சரிந்தால் தானாக நிற்கும் சுவிட்சும் அப்படித்தான், வாங்கிய அன்றே சரித்துப் பார்க்க வேண்டும்.

பில்லுக்கு வருவோம். ஒயில் ஹீற்றர் கரண்ட் குறைவாகக் குடிக்கும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள், நம்பாதீர்கள். கம்பி ஹீற்றரோ விசிறி ஹீற்றரோ ஒயில் ஹீற்றரோ, ஒரு யூனிற் கரண்டுக்கு ஒரு யூனிற் சூடுதான் தரும். ஒயிலின் நன்மை சூடு சீராக நிற்பது, சத்தமில்லாதது, சிவக்கும் கம்பி இல்லாதது. 600 வாற்றில் ஐந்து மணி நேரம் ஓடினால் 3 யூனிற். தினமும் போட்டால் மாதத்துக்கு 90. எங்கள் நாட்டுப் பில் படிப்படியாக ஏறுவது, 60ஐத் தாண்டினால் ஒரு கணக்கு, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் யூனிற் விலையும் நிலையான கட்டணமும் கூடிக்கொண்டே போகும். ஆகவே 90 யூனிற் சேர்வது 90 யூனிற்றின் விலை மட்டும் இல்லை, நீங்கள் ஏற்கெனவே நிற்கும் படியிலிருந்து மேல் படிக்குத் தள்ளிவிடும். நப்பிக் காலத்தில் அந்தப் பில்லைக் கட்டினோம், வேறு வழியில்லை. சாதாரண மாரியில் ஒன்றுவிட்டொரு நாள், மழை விட்டு வெயில் வந்தால் இல்லை. கூரையில் சோலர் உள்ளவர்கள் பகலில் ஓட்டுவது புத்தி, ஆனால் மாரி முகிலுக்குள் சோலரும் பெரிதாகத் தராது.

கச்சான் காலம் வந்தால் அதைத் துடைத்து, வயரைத் தளர்வாகச் சுற்றி, பழைய பெட்சீற்றால் மூடி நிமிர்த்தியே வைக்கிறேன். பொலித்தீனால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துத் துரு ஏறும். சில்லு பூட்டும் ஆணிகளில்தான் முதலில் துரு வரும், கொஞ்சம் கிறீஸ் பூசலாம். தகடு ஒட்டுகளில் ஒயில் கசிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மாரிக்கு முன்னும் பார்க்க வேண்டும். கசிந்தால் அதற்கு வைத்தியம் இல்லை, ஒயில் வாங்கி ஊற்றலாமா, வெல்டிங் பிடிக்கலாமா என்று யோசிக்காமல் எறிய வேண்டியதுதான்.

கனடாவில் இருந்து யாராவது அனுப்புகிறோம் என்றால் தயவு செய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 120 வோல்ற். 1500 வாற் கனடா ஹீற்றரை எங்கள் 230 வோல்ற்றில் நேரே குத்தினால் 5500 வாற்றுக்கு ஏறப் பார்க்கும், ஒன்றில் பியூஸ் போகும் அல்லது ஹீற்றர் போகும். ட்ரான்ஸ்போமர் போட்டு ஓட்டலாமே என்பார்கள், அவ்வளவு வாற்றைத் தாங்கும் ட்ரான்ஸ்போமரின் காசுக்கும் பாரத்துக்கும் அது பெறுமதி இல்லை.

அப்ப இதைக் காசு கொடுத்து வாங்கலாமா? நுவரெலியாப் பக்கம் வீடு என்றால் வாங்குங்கள், அங்கே தை மாசியில் உறைபனி விழும், ஹீற்றர் அங்கே ஹீற்றராகவே உழைக்கும். திருகோணமலையில் ஈரத்துக்காக மட்டும் என்றால், கடையில் நிற்கும்போது அதற்குப் பக்கத்தில் டீஹியூமிடிஃபையர் இருக்கிறதா என்று பாருங்கள். அது காற்றைக் குளிர்த்தி அதிலிருக்கும் தண்ணீரை வாளியில் பிடித்து வைக்கும், யன்னல் திறக்கத் தேவையில்லை, எங்கள் சூட்டுக்கும் ஈரத்துக்கும் நன்றாக வேலை செய்யும், ஹீற்றரின் சின்னச் சூட்டைவிடக் கரண்டும் குறைவு. ஏசி உள்ள அறை என்றால் அதில் ‘ட்ரை’ என்ற பொத்தானை அமத்தினாலே பாதி வேலை முடியும். எங்களைப் போல வெளிநாட்டுப் பெட்டியோடு சும்மா வந்து சேர்ந்தவர்களுக்கும், பழையது மலிவாகக் கிடைக்கிறவர்களுக்கும்தான் ஒயில் ஹீற்றர். பழையது வாங்குவதென்றால் அடியில் ஒயில் கறை, பிளக்கின் முள் கறுத்திருக்கிறதா, வயர் விறைத்திருக்கிறதா, சரித்தால் நிற்கிறதா, இவ்வளவையும் விற்கிறவர் வீட்டிலேயே அரை மணி ஓடவிட்டுப் பாருங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.